நான் சேராத கட்சி

நான் ஓர் அரசியல் கட்சியில் பொறுப்புக்கு வந்துவிட்டேன் என்பதை முதலில் பார்த்துச் சொன்னவள் என் மனைவி. கண் பரிசோதனைக்காகத் தஞ்சாவூருக்குப் போய்க்கொண்டிருந்தவள், பஸ் எங்கள் ஊர் முக்கூட்டைத் தாண்டியதும் போன் செய்தாள்.

“என்னங்க, முக்கூட்டுல உங்க போட்டோவ பெருசா வச்சிருக்காங்க. நீங்க நல்லாத்தான இருக்கீங்க?”

அவள் பயந்ததில் தப்பில்லை. எங்கள் பக்கம் சாதாரண ஆளின் படத்தைப் பெரிதாக அடித்து ரோட்டில் வைப்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். எங்கள் வீட்டில் அப்போது கல்யாணம் எதுவும் இல்லை.

கடையைச் சாத்தாமலேயே நடந்து போய்ப் பார்த்தேன். பாபநாசம் ரோட்டில் வருகிறவர்கள் யாருக்கும் தப்பாத இடத்தில் அந்த பிளெக்ஸ் நின்றது. கட்சியின் பெரிய தலைவர் எங்கள் ஊர் வழியாகப் போகிறார், அவரை வரவேற்கிறார்களாம். மேலே தலைவரின் முகம் ஒரு வீட்டுக் கதவு அளவுக்கு. கீழே உள்ளூர்க்காரர்களின் முகங்கள் வட்டம் வட்டமாக. கடைசி வட்டத்தில் நான், தலையில் தொப்பியோடு. என் மகளின் நிக்காஹ் அன்று எடுத்த படம் அது. பக்கத்தில் நின்ற மகளையும் மாப்பிள்ளையையும் வெட்டிவிட்டிருந்தார்கள். கீழே என் பெயர், அதற்குக் கீழே ‘சிறுபான்மைப் பிரிவு, நகரத் துணைச் செயலாளர்’.

எனக்குத் தெரிந்து நான் செய்யும் தொழில், விவசாயிகளுக்குத் தண்ணீர் மோட்டார், பைப், ஃபுட் வால்வு விற்பது. அத்தா, என் அப்பா, ஆரம்பித்த கடை. எந்தக் கட்சிக்கும் நான் சந்தா கட்டியதில்லை.

இது யார் செய்த வேலை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்தபோது என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்து அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு இருப்பவன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சொந்த நிலமும் குத்தகை நிலமுமாக நெல் போடுகிறான். படித்து முடித்த நாளிலிருந்து அந்தக் கட்சிதான். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். எங்கள் ஊரில் இந்துக்களும் நாங்களும் இப்படி முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வது யாருக்கும் விசேஷமாகத் தோன்றாது. என் மனைவிக்குக் காய்ச்சல் என்றால் அவன் மனைவிதான் ரசம் வைத்து எடுத்து வருவாள்.

“என்னடா மச்சான் இது?”

“பாத்துட்டியா? எப்படி இருக்கு?” அவன் முகமெல்லாம் சிரிப்பு. “சிறுபான்மைப் பிரிவுல ஒரு இடம் காலியா இருந்துச்சு. யாருக்கோ போறதுக்கு உனக்கு வரட்டுமேன்னு நான்தான் சொன்னேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா வேணாம்ப. அதான் கேக்கல.”

“எடுத்துடச் சொல்லுடா.”

அவன் பேப்பரை மடித்து வைத்தான். “எடுக்கலாம். ஆனா யோசிச்சுக்க மாப்ள. வச்சத எடுத்தா நீ அந்தப் பக்கம் போயிட்டேன்னுதான் பேசுவாங்க. தேர்தல் நேரத்துல உங்க ஆளுங்கள்ல ஒருத்தரே வேணாம்னு சொல்லிட்டாருன்னு வெளிய போனா நல்லாவா இருக்கும்?”

உங்க ஆளுங்க. அத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். அவன் அதைச் சொன்னதை அவனே கவனிக்கவில்லை. எனக்கு ஒரு மரியாதை செய்துவிட்டதாக நினைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

என் அபிப்பிராயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொகுதியில் எல்லார் வயலுக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான் வருகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று ஒதுக்கி வைத்த நெல், யாருடையதானாலும் ஒரே மாதிரிதான் முளைக்கிறது. ஆனால் தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் கண்ணுக்கு வயலோ வாய்க்காலோ தெரிவதில்லை. இந்தச் சாதி இவ்வளவு, அந்தச் சாதி அவ்வளவு, பாய்மார் இவ்வளவு, வேளாங்கண்ணிக்கு மாலை போட்டு நடக்கிறவர்கள் இவ்வளவு என்றுதான் தெரிகிறது. எங்களை வேண்டாம் என்கிறவர்களும் எண்ணுகிறார்கள், எங்களுக்குக் காவல் என்கிறவர்களும் எண்ணுகிறார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். ஒரு பக்கத்தை நினைத்தால் எனக்கு பயம் வருகிறது, இன்னொரு பக்கத்தை நினைத்தால் சலிப்பு. பயந்தவன் எங்கே ஓட்டுப் போடுவான் என்பது சலிப்புத் தருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் என் சலிப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

பிளெக்ஸ் வைத்த வாரமே பலன் தெரிய ஆரம்பித்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒரு ஒப்பந்தக்காரர் வருஷக்கணக்காக என்னிடம்தான் பைப் எடுப்பார். அவர் வந்து கடை வாசலில் பைக்கை அணைக்காமலே நின்றார்.

“நல்லா இருங்க பாய். ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“எனக்கே தெரியாதுங்க. சத்தியமா.”

“போட்டோ உங்களுதுதான?” என்றார். பிறகு அவர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஜமாத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் என்னை ஓரமாக நிறுத்தினார்கள். “பதவி வாங்குறதுக்கு முன்னாடி ஜமாத்துல கலந்து பேசணும்னு தோணலையா உங்களுக்கு?” என்று கேட்டார்கள். அதே வாசலில் எங்கள் தெருப் பையன்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கி, தெருவிளக்கு எரியாததைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் நம்பிக்கை. இரண்டுக்கும் நான் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

விலகிவிடுவது என்று முடிவு செய்தேன். நண்பனுக்குத் தெரியாமல், அவனுக்கு மேலே இருந்த நகரப் பொறுப்பாளர் வீட்டுக்கே போனேன். அவர் மாடியில் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். மரியாதையாக நாற்காலி போட்டார்.

“எனக்கு இந்தப் பொறுப்பு வேணாங்க. விலகிக்கிறேன்.”

“விலகுறீங்களா? உறுப்பினர் கார்டு வச்சிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“எப்பவாவது சேந்தீங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் எதுலேர்ந்து பாய் விலகுறீங்க?” அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, அன்பாகத்தான் சிரித்தார்கள். “ஒரு போட்டோதான. வெயில்ல அதுவே வெளுத்துடும், விடுங்க.”

யோசித்துக்கொண்டே படி இறங்கினேன். சேர்ந்த இடத்திலிருந்து வெளியே வர ஒரு வழி இருக்கும், சண்டை போட்டாவது வந்துவிடலாம். கொண்டுபோய் வைக்கப்பட்ட இடத்திலிருந்து எப்படி வருவது?

தேர்தல் தேதி அறிவித்ததும் அதிகாரிகள் வந்து எல்லாக் கட்சி பிளெக்ஸையும் கழற்றினார்கள். என் முகத்தைச் சுருட்டி டிராக்டரில் ஏற்றியதை முக்கூட்டுக்கே போய் நின்று பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி, வேட்பாளர் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்க வந்த நாள் வரைக்கும் இருந்தது.

அன்று காலை கடை வாசலில் வேன் வந்து நின்றது. நண்பன் குதித்து இறங்கினான். “வா மாப்ள, பள்ளிவாசல் தெருவுல நீ கூட நடந்தாத்தான் சரியா இருக்கும்.” கடையில் ஆட்கள் இருந்தார்கள், எதிரே வேட்பாளர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. தெரு முனைக்கு வந்ததும் நண்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பியை எடுத்தான். புதிது. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

“இதப் போட்டுக்க.”

“எதுக்குடா? நான் தொழுகைக்கும் கல்யாணத்துக்கும் மட்டுந்தான போடுவேன். உனக்குத் தெரியாதா?”

“தெரியும். போட்டோ எடுக்குறாங்கடா. தொப்பி இல்லன்னா உன்னைப் பாத்தா யாருன்னே தெரியாது.”

யார் என்றே தெரியாது என்றால், அவனைப் போலவே இருப்பேன் என்று அர்த்தம். வேட்டி, கட்டம் போட்ட சட்டை, வெயிலில் கறுத்த முகம். நான் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அது எனக்கு இறுக்கமாக இருந்தது. தெரு முழுக்க அது நெற்றியைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

தெருவின் நடுவில் என் சாச்சி வீடு, அம்மாவின் தங்கை. எங்கள் ஊரில் வேட்பாளரை நிறுத்திக் கேள்வி கேட்கும் தைரியம் உள்ள சில பேரில் சாச்சி ஒருத்தி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

“தம்பி, மையவாடிக்குப் போற வழியில வாய்க்கால் பாலம் அடைச்சுக் கெடக்கு. மழ பேஞ்சா தண்ணி ஏறிக்குது. போன வருஷம் என் வீட்டுக்காரர அடக்கம் பண்ணத் தூக்கிட்டுப் போனவங்க முழங்கால் தண்ணியில நடந்தாங்க. அத எப்ப சரி பண்ணுவீங்க?”

வேட்பாளர் குனிந்து கும்பிட்டார். “நாங்க இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒரு ஆபத்தும் வராதும்மா. பாதுகாப்பா இருப்போம்.”

“பாதுகாப்பு இருக்கட்டும் தம்பி. பாலம்?”

வேட்பாளர் என் பக்கம் திரும்பினார். “பாய், நீங்க எடுத்துச் சொல்லுங்க.”

செல்போன் கேமராக்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. சாச்சாவைத் தூக்கிய தோள்களில் ஒன்று என்னுடையது. அந்தத் தண்ணீரில் செருப்பைத் தொலைத்தவன் நான். எனக்கா தெரியாது அந்தப் பாலம்? ஆனால் என் வாயிலிருந்து வந்தது, “பாத்துச் செய்வாங்க சாச்சி” என்பதுதான்.

சாச்சி என் தலையைப் பார்த்தாள். “நீ எப்பலேர்ந்து ரோட்டுல தொப்பி போட ஆரம்பிச்ச?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் கட்சி ஜெயித்தது. வெடிச் சத்தம் அடங்கி, முக்கூட்டில் காகிதக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்த காலையில் நண்பன் கடைக்கு வந்தான். லட்டு கொண்டு வருவான் என்று நினைத்தேன். நின்றுகொண்டே பேசினான்.

“உங்க தெரு பூத்துல போன தடவைய விட நமக்குக் கொறஞ்சிருக்கு. மேல கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“அத ஏண்டா என்கிட்ட கேக்குற? யார் யாருக்குப் போட்டான்னு எனக்கென்ன தெரியும்?”

“உன்னப் பொறுப்பாப் போட்டது எதுக்கு?”

“நானா கேட்டேன்? சரி, உங்க தெருவுல யார் யாருக்குப் போட்டாங்கன்னு உன்னை யாராவது கேட்டாங்களா?”

“எங்க தெரு வேற.”

“என்னடா வேற?”

வாடிக்கையாளர் ஒருவர் வந்து பைப்புக்கு எல்போ கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போகும் வரை நண்பன் பைப் அடுக்கைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது.

“மூணு தடவ சீட்டு கேட்டேன், தெரியுமா உனக்கு? போஸ்டர் ஒட்டுனேன், கொடி கட்டுனேன், ஜெயிலுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லுவாங்க. நீ உழைப்பாளிதான், ஆனா இந்தத் தொகுதியில உங்க ஆளுங்க கம்மின்னு. எங்க ஆளுங்க யாருடா? என் அண்ணன் தம்பியே வரப்புத் தகராறுல என்கிட்ட பேசுறதில்ல.”

“அப்ப அந்த வார்த்தைய என்கிட்ட ஏண்டா சொன்ன?”

“எந்த வார்த்தைய?” என்றான். உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை.

சொன்னேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். “அவங்க கேக்குற மாதிரியே பேசிப் பேசிப் பழகிப்போச்சு” என்றான். மன்னிப்பு என்று அவன் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவன் மேல் இருந்த கோபம் அன்று பாதி குறைந்தது. மீதிப் பாதியை யார் மேல் வைப்பது என்று தெரியாததுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் சாச்சி ஆள் அனுப்பினாள். பாலம் அப்படியே இருந்தது. இதற்கு முன் அதே விஷயத்துக்காகப் பேரூராட்சி அலுவலகத்துக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். கவுண்ட்டரில் நின்று சொல்வேன், சரி என்பார்கள், வந்துவிடுவேன். இந்தத் தடவை உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த அலுவலர் எழுந்து நின்றார்.

“வாங்க பாய், உக்காருங்க. போன் பண்ணியிருந்தா நானே ஆள் அனுப்பியிருப்பேனே.”

நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. முக்கூட்டு பிளெக்ஸ் அவர் மனதிலிருந்து கழற்றப்படவில்லை. நான் அந்தக் கட்சிக்காரன் இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். தோளில் சுமந்த சாச்சாவின் மையத்தும் அந்தத் தண்ணீரும் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டு டீ குடித்தேன். அந்த வாரமே ஜேசிபி வந்து வாய்க்காலில் ஆகாயத்தாமரையை அள்ளியது. பாலத்தின் கீழ் அடைத்திருந்த மண்ணையும் எடுத்தார்கள். மழை வந்தபோது பாதை நனைந்தது, மூழ்கவில்லை.

“அன்னைக்குத் தொப்பி போட்டது வீணாப் போகல” என்றாள் சாச்சி. பாராட்டாகத்தான் சொன்னாள்.

எனக்கு அந்தப் பாராட்டு உறுத்தியது. மனைவியிடம் சொன்னேன். “ஊருக்கு நல்லதுதான நடந்துச்சு? அப்படியே இருந்துட்டுப் போங்களேன்” என்றாள். அதுதான் எனக்கு பயமாக இருந்தது. ஊர்க்காரனாகப் போனபோது திறக்காத கதவு, பிளெக்ஸில் இருக்கிறவனாகப் போனபோது திறந்துவிட்டது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு விலகுவது?

அடுத்த மாதம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவிலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். வயல் வேலை செய்கிறவர், என்னைவிட வயதில் இளையவர். களை பறிக்கப் போகிற வழியில் வந்திருந்தார்.

“பாய், உங்க தெரு வாய்க்கால நீங்கதான் சொல்லி சரி பண்ணீங்களாமே. எங்க தெருக் கொழாயில சாக்கட கலந்து வருதுங்க. புள்ளைங்களுக்கு வயித்தால போவுது. சேத்துச் சொல்லிவிடுங்களேன்.”

போய்ப் பார்த்தேன். சாக்கடையைக் கடக்கிற இடத்தில் பைப் இணைப்பு விட்டிருந்தது. ஒரு மதிய வேலை. பைப்பும் என் கடையிலேயே இருந்தது. ஆனால் தெருவை வெட்ட அலுவலகத்தில் அனுமதி வேண்டும். மறுபடி அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். டீ வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அது உங்க ஏரியா இல்லையே பாய்.”

“ஒரே ஊருதானங்க.”

“ஊரு ஒண்ணுதான். ஆனா அந்தத் தெரு சனங்களுக்குன்னு கட்சியில தனியா ஒரு பொறுப்பாளர் இருக்காரு. நீங்க தலையிட்டா அவருக்கு வருத்தமாயிடும். உங்க ஆளுங்களுக்கு ஏதாவதுன்னா சொல்லுங்க, ஒடனே பண்ணிடலாம்.”

“நான் பைப் கடைக்காரனாச் சொல்றேங்க. அந்த ஜாயிண்ட்ட மாத்துனாப் போதும்.”

“புரியுது பாய்” என்றார். புரிந்த மாதிரி இல்லை. அந்தப் பொறுப்பாளரின் நம்பரை மட்டும் கொடுத்தார்.

வெளியே வேப்ப மரத்தடியில் நின்று போன் செய்தேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஒரு இளைஞனின் குரல். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். நான் யார் என்று சொன்னதும், “தெரியும்ணே, பிளெக்ஸ்ல உங்களுக்குப் பக்கத்துல நான்தான்” என்றான்.

“உங்க தெருக் குழாய் விஷயமா அலுவலகத்துல ஒரு வார்த்தை சொல்லணும் தம்பி.”

“நான் சொன்னா கேப்பாங்களாண்ணே? நான் அங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. போட்டோ வச்சதே என் தங்கச்சி அனுப்புனப்பதான் தெரியும். நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லக் கூடாதா?”

“சொன்னேன். எனக்கு உங்க தெரு கிடையாதாம்.”

பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன் என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

கடைக்குத் திரும்பினேன். அந்த அம்மா வயலிலிருந்து வந்து, சேறு காயாத காலோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நாங்க யாரப் பாக்குறதுங்க?”

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். கேனிலிருந்து ஊற்றிய தண்ணீரை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதியைக் குடித்தார். மீதியைப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். கேனோடு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் நடந்தார்.